வீடு: சரி

சொல்லியிருப்பேனோ? சொல்லியிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லையே. தூங்கும்போது எழுப்பி, உன் வலது கையை ஒரு வாரத்துக்கு இரவல் தருகிறாயா என்று கேட்டால், சரி, சனிக்கிழமைக்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பவள்தானே நான்.

போனைக் காதில் வைத்தபடி அவள் இப்படி யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அண்ணி, அதாவது அவள் கணவனின் அக்கா, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன, பேச்சையே காணோம்? நீதானே சரின்னு சொன்னே? குடும்பக் குரூப்ல, அத்தனை பேர் முன்னாடி சொன்னே. அதை நம்பித்தான் எங்க வீட்டுக்காரர் ஏழு மீன் தொட்டியையும் யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கார். சனிக்கிழமை காலையில வண்டி வருது. உன் ரூம்ல அந்த மேஜையை மட்டும் எடுத்துடு, போதும்."

"மேஜையையா அண்ணி?"

"பின்ன, மேஜைக்கடியிலயா மீன் வளர்ப்பாங்க? அப்புறம் அந்த ஜன்னலை அட்டை வெச்சு மூடிடணும். வெயில் பட்டா தண்ணி பச்சையாயிடுமாம். தினம் ரெண்டு வேளை தீனி. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும். உனக்கென்ன, தண்ணி நிரப்பி வடிக்கிறதுதானே உன் வேலையே!"

அதில் பொய்யில்லை. அவள் துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் புரோகிராம் எழுதுகிறவள். எவ்வளவு தண்ணீர், எத்தனை சுற்று, எப்போது வடிக்க, எப்போது பிழிய என்று இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் நகத்தளவு சில்லுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக அதனோடு சி என்ற கணினி மொழியில்தான் பேசுகிறாள். "என் மருமக ஆபீஸ்ல சம்பளத்துக்குத் துவைக்கிறா, வீட்டுல சும்மா துவைக்கிறா" என்று வருகிறவர்களிடம் மாமியார் சொல்வதுண்டு. அதில் பெருமை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவளால் இன்றுவரை பிரிக்க முடிந்ததில்லை. சாயம் போகிற துணியையும் போகாத துணியையும் ஒன்றாகப் போட்டுவிட்ட மாதிரி.

அந்த அறை ஒன்பதடிக்கு ஏழடி. முன்பு உடைந்த கட்டிலும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடந்த இடம். யாரும் அதை அவளுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு விடுமுறை நாளிலும் ஒரு பெட்டி என்று எடுத்துப் போட்டுப் போட்டு, எலி வளை தோண்டுவதுபோல அவளாகத் தோண்டிக்கொண்டது. வாரத்தில் இரண்டு நாள் அங்கிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பாள். மற்ற நாள்களில் அலுவலகத்திலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து நிமிடமும் அவள் யாருக்கும் மருமகளில்லை, மனைவியில்லை, இன்ஜினியரில்லை. உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒன்றும் செய்யாததை வேறு எந்த இடத்திலும் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

போனை வைத்தபோது அவள் மனத்தில் கணக்கு தெளிவாக இருந்தது. வாக்குக் கொடுத்திருந்தால் அறையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுத்த வாக்கை மீனுக்காக மாற்றினாள் என்று பேர் வாங்க முடியாது. ஆனால் கொடுத்தேனா?

கணவனிடம் கேட்டாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த குரூப்பைப் படிக்கிறதேயில்ல. அக்கா பேர் தெரிஞ்சா ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு வெளியே வந்துடுவேன். அதான் இத்தனை வருஷமா அவளுக்கும் எனக்கும் சண்டையே இல்ல."

"உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க."

அவளுடைய பழைய போன் போன மாதம் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டுவிட்டது. துவைக்கும் இயந்திரத்துக்காரி போனையும் துவைத்துவிட்டாள் என்று குடும்பமே சிரித்து ஓய்ந்தது. அதோடு அவளுடைய பழைய உரையாடலெல்லாம் போய்விட்டது. கணவனின் போனில் எல்லாம் அப்படியே இருந்தது, படிக்காமல் வைத்த பாடப்புத்தகம்போல.

போனிலேயே தேடிப் பார்த்தாள். 'மீன்' என்று போட்டால், அண்ணியின் கணவர் தினம் காலையில் அனுப்பும் மீன் படங்களும் மீன்களின் உடல்நல அறிக்கையும் வந்து குவிந்தன. அவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அண்ணனுக்கு உலகமே தண்ணீருக்குள்தான். 'சரி' என்று போட்டால் பட்டியல் முடிகிற வழியாயில்லை. கட்டைவிரல் வலித்தது. கடைசியில் ஆறு வருடப் பேச்சையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக்கித் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டாள்.

மறுநாள் வியாழன், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், ஆளின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பின் பேச்சு. பெயரெல்லாம் கணவன் தன் போனில் சேமித்து வைத்திருக்கும் பெயர். அக்கா, அம்மா, மாமா. தன் பெயரைத் தேடினாள். காணோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவளை அவன் 'வீடு' என்று சேமித்து வைத்திருந்தான்.

வீடு: சரி.
வீடு: சரிங்க அத்தை.
வீடு: சரி, வரும்போது வாங்கிட்டு வர்றேன்.

கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கெட்ட பெயரென்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

சி மொழியில் ஒரு ஃபைலுக்குள் ஒரு சொல்லைத் தேடுவது கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற பயிற்சி. ஃபைலைத் திற, ஒவ்வொரு சொல்லாகப் படி, தேடும் சொல்லோடு ஒப்பிடு, ஒத்துப்போனால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு. பத்து நிமிடத்தில் எழுதி, முதலில் ஃபைல் முழுவதிலும் ஓடவிட்டாள். திரையில் எண் வந்து நின்றது.

2,18,441.

அந்த நேரம் பார்த்து மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் வெட்டிய பழத்தட்டு.

"என்னடி இது, இவ்ளோ பெரிய நம்பர்?"

"குரூப்ல எத்தனை சரி இருக்குன்னு எண்ணுறேன் அத்தை. நான் எத்தனை தடவை சொன்னேன்னு பாக்கணும்."

"அதை எதுக்கு எண்ணிக்கிட்டு? நீ சரி சொல்லாத நாளை எண்ணு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவள் சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. நகைச்சுவை சொல்லிவிட்டுத் தான் சிரிக்காமலிருப்பது அவள் வழக்கம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"வானம் மூடிக்கிட்டு நிக்குது. மாடியில துணி கிடக்கு. மழை வருமா வராதான்னு உன்னைக் கேக்க மாட்டேம்மா. ஒரு தடவை கேட்டு நான் பட்டது போதும். நாலு போர்வை, ரெண்டு மெத்தை விரிப்பு, அத்தனையும் தொப்பல். நீ சொன்னியேன்னுதான் எடுக்காம விட்டேன்."

"தப்புதான் அத்தை."

மூன்று மாதமாக வாரம் ஒருமுறை இந்தப் பேச்சு வரும். அப்படி எப்போது சொன்னோம் என்று அவளுக்கு நினைவே இல்லை. ஆனாலும் தப்புதான் என்று சொல்லிவிடுவாள். நினைவில்லாத குற்றத்தை ஒப்புக்கொள்வது, நினைவிருக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்வதைவிடச் சுலபமாக இருந்தது.

மாமியார் போனதும் புரோகிராமைத் திரும்பப் பார்த்தாள். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு சொற்களை ஒப்பிடும் கட்டளை, ஃபங்ஷன் என்பார்கள், சி மொழியில் ஒரு விசித்திரப் பிறவி. இரண்டும் வேறுவேறாக இருந்தால் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லும். அச்சாக ஒன்றாகவே இருந்தால் பூஜ்யம் என்று சொல்லும். அதை மறந்து, பூஜ்யம் வராத இடத்திலெல்லாம் ஒன்றைக் கூட்டியிருந்தாள். அதாவது ஃபைலில் 'சரி' அல்லாத எல்லாச் சொற்களையும் சரி என்று எண்ணியிருந்தாள். பதினான்கு வருட அனுபவத்துக்கு வந்த பிழையா இது! துவைக்கும் இயந்திரத்தில் சொற்களுக்கு வேலையில்லை, எல்லாம் எண்கள்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனாலும் விரல் உடனே அதைத் திருத்தவில்லை. முழுக்க ஒத்துப்போனால் விடை பூஜ்யம். இதை எழுதிய மகாராசன் யாரோ, கல்யாணம் ஆனவனாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை வேறு வழியில் எழுதினாள். 'வீடு' என்ற ஆள் பேசும் வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்து, அதற்குள் எங்கேயாவது 'சரி' இருந்தால் அந்த வரியைத் திரையில் காட்டு.

1,163 வரிகள்.

கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததால் மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

வீடு: அலமாரி சரிஞ்சு விழுந்துடுச்சு. யாருக்கும் அடியில்லை.

வீடு: நான் நச்சரிக்கலைங்க. ஞாபகப்படுத்தினேன்.

வீடு: அந்த வீட்டு வாசல்ல நாய் எச்சரிக்கை போர்டு இருக்கும், அதுக்கு அடுத்த வீடு.

வீடு: பரவாயில்லை அண்ணி, அனுசரிச்சுக்கிறேன்.

தேடச் சொன்ன எழுத்துகள் வரிசையாக வந்தால் போதும், அது தனிச்சொல்லா இன்னொரு சொல்லின் வயிற்றில் கிடக்கிறதா என்று இந்தப் புரோகிராம் பார்ப்பதில்லை. நச்சரிப்புக்குள் ஒரு சரி. எச்சரிக்கைக்குள் ஒரு சரி. அனுசரிப்புக்குள் ஒரு சரி இருந்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. பார்த்தால் ஆச்சரியத்துக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடம் தமிழ் பேசுகிறாள், இது கண்ணில் பட்டதில்லை.

அவற்றைக் கழித்துவிட்டாலும் தொள்ளாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. சரி, சரி, சரிங்க, சரி அத்தை, சரி சரி. வேடிக்கை பார்க்க ஆரம்பித்தவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினாள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை. பால் வாங்க ஒரு சரி. யாரோ வருகிறார்கள் என்பதற்கு ஒரு சரி. அவள் போக நினைத்த இடத்துக்கு வேறு யாரோ போவதற்கு ஒரு சரி. ஒரு துளித் தண்ணீரில் யாரும் மூழ்குவதில்லை. தண்ணீர் எந்த அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று இயந்திரத்துக்கு வரி வரியாக எழுதிக்கொடுக்கிறவள், தனக்கு அப்படி ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த வரிகளில் அது அகப்பட்டது. ஃபைலில் அந்த இடத்தைத் திறந்தாள்.

அக்கா: நாங்க போற வீடு சின்னது. ஏழு பேருக்கும் அங்க இடமில்லை. உன் ரூம்ல வெச்சுக்கலாமா?
வீடு: சரி

மாலை நாலு பன்னிரண்டு. தொட்டிகளை 'ஏழு பேர்' என்று எழுதியிருந்ததால்தான் மீன் என்று தேடியபோது சிக்கவில்லை. அண்ணி சொன்னது உண்மை. வாக்கு கொடுத்தாயிற்று. ஃபைல் பொய் சொல்லாது.

அவள் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளேயிருந்ததை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள். பாதி தேய்ந்த பென்சில்கள். ஆபீஸ் டப்பா ஒன்றில் பழுதான சில்லுகள். யாருக்கும் காட்டாமல் எழுதிக் கிழித்த காகிதங்களின் மிச்சம். ஜன்னலை மூடும் அட்டைக்கு எங்கே போவது, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் இருக்கிறதா என்றுகூட யோசித்தாள். யோசித்ததும்தான் தன்மீது எரிச்சல் வந்தது. தன்னைத் தூக்கில் போட வருகிறவனுக்கே கயிறு தேடிக் கொடுப்பவள் என்று ஊரில் ஒருத்தியைத் தேடினால் என் வீட்டில்தான் வந்து நிற்பார்கள்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த மாலை நாலு மணிக்கு அவள் காது சுட்டது.

வேறெதுவும் சரியாக நினைவில்லை, அது மட்டும் இருந்தது. இதே நாற்காலி. கணினியில் குடும்பக் குரூப் திறந்திருந்தது. எதையோ எழுதி அனுப்பினாள். காது இரண்டும் சுட்டன. பதிலைப் பார்க்கத் துணிவில்லாமல் கணினியைப் பட்டென்று மூடிவிட்டு முகம் கழுவப் போனாள். அன்று இரவு சாப்பாட்டின்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அண்ணி போனில் தேனாகப் பேசினாள். சரிதான், நாம் எதையும் அனுப்பவில்லை, வழக்கம்போல மனத்துக்குள்தான் சொல்லியிருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டாள். மனத்துக்குள் அவள் மறுக்காத நாளே கிடையாது. குளிக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது எத்தனை பேரை எவ்வளவு அழகாக மறுத்திருக்கிறாள்! அந்தக் கும்பலோடு இதையும் சேர்த்துவிட்டாள்.

ஆனால் சரி என்று எழுதினால் காது ஏன் சுட வேண்டும்? தொள்ளாயிரம் முறை எழுதியிருக்கிறாள், ஒருமுறையும் சுட்டதில்லை.

மறுபடி உட்கார்ந்தாள். 'முடியாது' என்று தேடினாள். ஒன்பது வரிகள். ஒன்பதும் 'இன்னைக்கு ஆறு மணிக்குள்ள வேலை முடியாது' வகையறா. 'வேண்டாம்' என்று தேடினாள். எல்லாம் 'எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க.' 'சரிப்படாது' பூஜ்யம். 'சரிவராது' பூஜ்யம்.

பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, பல்லில் சிக்கிய நாரை நாக்கு கண்டுபிடிப்பதுபோல, கண்டுபிடித்தாள். புரோகிராம் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் படிக்கிறது. ஒரு வரியைப் படித்து, தேடி, மறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. ஒரு சொல் பாதி ஒரு வரியிலும் பாதி இன்னொரு வரியிலும் கிடந்தால் அதன் கண்ணுக்கு அப்படி ஒரு சொல்லே இல்லை.

ஃபைலில் அந்த 'சரி'க்குக் கீழே பார்த்தாள்.

அம்மா: மழை வருமா துணி எடுக்கவா
வீடு: வராது
அம்மா: அப்ப கிடக்கட்டும்
அக்கா: எனக்குத் தெரியும் நீ மறுக்க மாட்டேன்னு. தங்கம்!

மாடியிலிருந்து படியிறங்க மூட்டு வலிக்கிறது என்று மாமியார் மாடியில் நின்றபடியே கீழே இருக்கிறவளைக் குரூப்பில் கூப்பிடுவதுண்டு. சரி, வராது என்ற இரண்டுக்கும் நடுவே அந்த மழை வந்து விழுந்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள மூன்றாவது முறை எழுதினாள். 'வீடு' பேசியதை மட்டும் எடு, தேதியையும் பெயரையும் வெட்டு, எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் ஒட்டு, அதற்குள் 'சரிவராது' எத்தனை?

1.

ஆறு வருடத்தில் ஒரே ஒருமுறை மறுத்திருக்கிறாள். அந்த ஒன்றும் நடுவில் ஒடிந்து, முன்பாதி சம்மதமாகவும் பின்பாதி வானிலை அறிக்கையாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதையும் மழை பொய்யாக்கிவிட்டது.

சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், அவளுக்கே உரிய கெட்ட பழக்கத்தால், அதையும் தோண்ட ஆரம்பித்தாள். கணினியில் என்டரைத் தட்டினால் எழுதியவரைக்கும் குரூப்புக்குப் போய்விடும். நாள் முழுக்க என்டர் தட்டுகிற கை, தவறித் தட்டிவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் புரோகிராம் எழுதுகிறவள் வரி முடிந்தால்தான் என்டர் தட்டுவாள். சரிவராது என்பது ஒரே சொல். அதன் நடுவில் யார் தட்டுவார்கள்? சரி வரைக்கும் வந்து கை நின்றிருக்கிறது. பழகிய மாடு வீட்டு வாசலில் நிற்பதுபோல. மிச்சத்தை அவள்தான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். காது சுட்டது அந்தத் தள்ளுதலுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கணவனிடமும் மாமியாரிடமும் காட்டினாள். கணவன் இரண்டு முறை படித்தான்.

"அப்ப இது டெக்னிக்கல் பிராப்ளம்" என்றான், பெரிய நிம்மதியோடு. "இதை அப்படியே குரூப்ல போட்டுடு. யார் மேலயும் தப்பு இல்ல. என்டர் மேலதான் தப்பு."

"போட்டா?"

"போட்டா அக்கா பேசுவா. பேசட்டும். கடைசியில ஏழுக்கு நாலு தொட்டின்னு பேசி முடிச்சுடலாம்."

"நாலா?"

"சரி, மூணு."

"நான் ரூம் வேணும்னு சொல்றேன். நீங்க மார்க்கெட்ல நிக்கிற மாதிரி பேரம் பேசறீங்க."

மாமியார் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மெல்ல ஏதோ இடிந்து விழுந்தது.

"அப்படின்னா அன்னைக்கு மழை வராதுன்னு நீ சொல்லவே இல்லையா?"

"இல்ல அத்தை."

"மூணு மாசமா உன்னைத் திட்டுனதெல்லாம்?"

"பரவாயில்ல அத்தை."

"பரவாயில்லையாவது! நான் என்ன வேலைவெட்டி இல்லாதவளா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன, வேற எதுக்காவது திட்டியிருப்பேன்ல?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் குரலை இறக்கினாள். "என் பொண்ணு வாய் நீளம்தான், மனசு மோசமில்ல. அவ மனசு கோணாம சொல்லு."

மனசு கோணாமல் மறுப்பது எப்படி என்று யாராவது ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறார்களா என்று அவள் படுக்கப் போகும்வரை யோசித்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வந்துவிட்டது. ஏழு தொட்டிகளும் போர்வை சுற்றிக் கயிற்றால் கட்டி, காய்ச்சல்காரர்கள்போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. இறக்குகிற ஆள்கள் இருவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி முன்னால் வந்தாள். பின்னால் அண்ணன், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி. பைக்குள் ஆரஞ்சு நிற மீன் ஒன்று வீட்டைச் சுற்றிப் பார்த்தது.

அண்ணி நேராக அறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"மேஜை இன்னும் அங்கயேவா இருக்கு? நான் அன்னைக்கே சொன்னேனே!"

"அண்ணி, உக்காருங்க."

"உக்காரவா வந்தேன்?" என்றவள், முழங்கால் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள். காலை நீவிக்கொண்டே, அதுவரை இல்லாத ஒரு குரலில் சொன்னாள். "அந்தப் புது வீட்டுல நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுந்து நின்னா சுவர்ல இடிக்குது. இவரானா ரிட்டையர் ஆனதுலேருந்து என்கூடப் பேசறதைவிட இதுங்ககூடத்தான் அதிகம் பேசறார். இதுங்களையும் எங்கயோ தெரியாத இடத்துல விட்டுட்டு வாங்கன்னு எப்படிச் சொல்றது? நீ சரின்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா."

கணவன் கண்ணால் ஜாடை காட்டினான், காகிதத்தை எடு என்று. மாமியார் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

காகிதம் அவள் கைக்குள் மடித்திருந்தது. காட்டலாம். காட்டினால் இவர்கள் எல்லாரும் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுவார்கள். எந்த என்டர், எந்த மழை, யார் முதலில் எழுதினார்கள் என்று. ஒரு மணி நேரம் கழித்து, அன்றைக்கு அவள் சரி சொல்லவில்லை என்று நிரூபணம் ஆகிவிடும். ஆனதும் அண்ணி, அது போகட்டும், இப்போது சொல் என்பாள். கேள்வி திரும்ப இதே இடத்துக்குத்தான் வரும். அன்று அவள் சொன்னதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு பட்டாள். இன்று அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது எந்த ஃபைலிலும் இல்லை.

காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

தொண்டைக்குள் 'சரி' என்ற அந்தச் சொல் விக்கலைப்போல ஏறி வந்தது. அண்ணியின் முழங்கால், அண்ணன் கையிலிருந்த பை, வாசலில் காத்திருக்கும் ஆள்கள், எல்லாருமாகச் சேர்ந்து அதைக் கீழேயிருந்து தள்ளினார்கள். முதல்முறையாக அவள் அதை வெளியிலிருந்து பார்த்தாள். இரக்கத்தின் சட்டையைப் போட்டிருந்தது. உள்ளே பாதிக்குமேல் பயம்.

"நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறே" என்றார் அண்ணன், மனைவியிடம். பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். அவர் அவளிடம் மீனைப் பற்றியல்லாமல் பேசி வெகு காலமாயிற்று. "உனக்குச் சம்மதம்தானேம்மா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு. கயிறு அவுக்கறதுக்கு முன்னாடி."

நாளிதழின் சலசலப்பு நின்றது.

"சம்மதம் இல்லண்ணா" என்றாள்.

குரல் உயரவில்லை. காது சுடுகிறதா என்று கவனித்தாள். சுட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்கு அந்த ரூம் வேணும்."

அண்ணி அவளையும், திறந்து கிடந்த அறையையும், அதற்குள் தனியாக நின்ற மேஜையையும் மாறிமாறிப் பார்த்தாள். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

"எதுக்கு? அப்படி என்னதான் பண்ணப்போறே உள்ள?"

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல அண்ணி" என்றாள் அவள். "ஆனாலும் தர மாட்டேன்."